ஃப்ளோரைடு ப்ராஜெக்ட் பண்ற பசங்களுக்கு: அடிபம்புல இருந்து தீசிஸ் வரைக்கும் நடக்குற தப்புங்க

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர் தண்ணில, பல்லுல கறை உண்டாக்குற ஃப்ளோரைடு ஜாஸ்தின்னு ஊருக்கே தெரியும், அதனால வருஷா வருஷம் ஏதாவது ஒரு காலேஜ்ல இருந்து பசங்க கேன தூக்கிட்டு கிளம்பிடுறாங்க. நல்ல விஷயம்தான். கெமிஸ்ட்ரி பசங்க தண்ணிய டெஸ்ட் பண்றாங்க, சிவில் பசங்க ஃபில்டர் கட்டுறாங்க, டென்டல் பசங்க பல்ல பாக்குறாங்க. இந்த மூணு விதமான தீசிஸும் என்கிட்ட படிக்க வரும், மூணுலயும் திரும்பத் திரும்ப ஒரே தப்புங்களதான் பாக்குறேன், அதான் எழுதிடலாம்னு.

முதல்ல சாம்பிள். ராத்திரி பூரா சும்மா நின்ன பம்ப ரெண்டு அடி அடிச்சு பிடிச்சீங்கன்னா அது குழாய்க்குள்ள கிடந்த தண்ணி, நிலத்தடி தண்ணி இல்ல. நல்லா ஓட விடுங்க, கைல இ.சி. மீட்டர் (தண்ணி எவ்ளோ மின்சாரம் கடத்துதுன்னு காட்டுற கருவி) இருந்தா ரீடிங் ஆடாம நிக்கிற வரைக்கும் விடுங்க. ஃப்ளோரைடுக்கு பிளாஸ்டிக் பாட்டில், அதே தண்ணியால ரெண்டு மூணு தடவ அலசிட்டு பிடிங்க. ஆனா பாக்டீரியா டெஸ்டுக்கு லேப்ல குடுத்த ஸ்டெரைல் பாட்டில அலசவே கூடாது, குளோரின முறிக்க உள்ள தயோசல்ஃபேட் போட்டிருப்பாங்க, அலசினா அது போயிடும். பி.எச். (அமில, காரத்தன்மை அளவு) பம்புகிட்டயே பாத்துடணும், ஏன்னா போர் தண்ணில கரைஞ்சிருக்குற கார்பன் டை ஆக்சைடு வெளிய வந்ததும் பறந்துடும், சாயங்காலம் லேப்ல பாத்தா பி.எச். ஏறியிருக்கும். அப்புறம் நம்பர மூடி மேல எழுதாதீங்க, பாட்டில் உடம்புல எழுதுங்க. லேப்ல பத்து பாட்டில் மூடிய ஒண்ணா கழட்டி வெச்சிட்டு எது எதோடதுன்னு முழிச்சவங்கள நிறைய பாத்துட்டேன்.

லேப்ல ஃப்ளோரைட அளக்குற எலக்ட்ரோடு வெச்சு பாக்குறவங்க டிசாப் பஃபர் (பி.எச்.ஸ நிலையா வெச்சு, உலோகத்தோட ஒட்டின ஃப்ளோரைட பிரிச்சு விடுற கரைசல்) ஊத்தாம விடுறது இன்னொண்ணு. தண்ணில அலுமினியம், இரும்பு இருந்தா ஃப்ளோரைடு அதோட ஒட்டிக்கும், எலக்ட்ரோடு கண்ணுக்கு அது தெரியாது, ரீடிங் கம்மியா வரும். நேர் அயனி, எதிர் அயனி கூட்டுத்தொகைய மில்லி ஈக்விவலென்ட்ல (மின்சுமைய வெச்சு போடுற கணக்கு) போட்டு பாருங்க, ரெண்டும் கிட்டத்தட்ட சமமா வரணும், 5 சதவீதத்துக்கு மேல இடிச்சா எங்கயோ தப்பு இருக்கு. 10 நிமிஷ வேலை, அதையும் நிறைய பேர் பண்றதில்ல.

இப்போ ஃபில்டர். இதுல எனக்கே அடிபட்ட அனுபவம் இருக்கு. படிக்கிறப்போ ஆக்டிவேட்டட் அலுமினா (ஃப்ளோரைட தன் மேல இழுத்துக்குற அலுமினியம் ஆக்சைடு குருணை) வெச்சு ஒண்ணு கட்டினோம், டிஸ்டில்ட் வாட்டர்ல சோடியம் ஃப்ளோரைடு கரைச்சு ஊத்தினா அருமையா இழுத்துச்சு, சந்தோஷமா ஊர் தண்ணி ஒரு கேன் கொண்டு வந்து ஊத்தினா பாதி கூட இழுக்கல. காரணம் அப்புறம்தான் புரிஞ்சுது, அலுமினாவுக்கு பி.எச். 5.5, 6 இருந்தாதான் வேலை நல்லா நடக்கும், போர் தண்ணி ஏழரை எட்டுல நிக்கும், அதுல பைகார்பனேட் வேற, சிலிக்கா வேற, எல்லாம் அதே இடத்துக்கு போட்டி போடும். அதனால முதல் நாள்ல இருந்தே ஊர் தண்ணில டெஸ்ட் பண்ணுங்க. சதவீதத்த மட்டும் போட்டு முடிக்காதீங்க, 10 மில்லிகிராம 2க்கு கொண்டு வந்தா 80 சதவீதம்தான், கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்ங்கிற லிமிட்ட தாண்டிதான் இருக்கு, அந்த தண்ணிய குடிக்க குடுக்க முடியாது. வெளிய வர்ற தண்ணில அலுமினியம் எவ்ளோ இருக்கு, தீர்ந்து போன அலுமினாவ எங்க கொட்டுவீங்க, இந்த ரெண்டுக்கும் பதில் இல்லாத தீசிஸ்தான் ஜாஸ்தி.

டென்டல் பசங்க பண்றது கொஞ்சம் நுணுக்கமான தப்பு. 30 வயசு ஆளோட பல்லுல கறைய பாத்து ஸ்கோர் போடுறாங்க, அவர் வீட்டு குழாய் தண்ணிய இன்னிக்கு டெஸ்ட் பண்றாங்க, ரெண்டையும் கிராஃப்ல போட்டு சம்பந்தமே இல்லன்னு எழுதுறாங்க. எனாமல் உருவாகுறது சின்ன வயசுல, கடைசியா முளைக்கிற ஞானப்பல்ல விட்டா மத்ததெல்லாம் சுமாரா 8 வயசுக்குள்ள முடிஞ்சிடும். அப்போ குடிச்ச தண்ணிதான் கணக்கு. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் திட்டம் 2013ல தொடங்கி காவிரி தண்ணி வர ஆரம்பிச்ச ஊர்ல, இப்போ குழாய்ல நல்ல தண்ணி வரும், ஆனா அந்த ஆளோட பல்லு பழைய போர் தண்ணியோட கதைய சொல்லும். "சின்ன வயசுல எந்த கிணத்து தண்ணி குடிச்சீங்க அண்ணா"ன்னு ஒரு கேள்வி கேட்டா போதும், கல்யாணம் ஆகி வந்தவங்ககிட்ட பொறந்த ஊரையும் கேளுங்க. பல்ல பாக்குறவங்களுக்கு இது எந்த ஊர், ஃப்ளோரைடு எவ்ளோன்னு முன்னாடியே தெரியக்கூடாது, தெரிஞ்சா கண்ணு தானா கறைய தேட ஆரம்பிச்சிடும்.

எல்லாத்தையும் விட எனக்கு கவலையா இருக்குறது "தண்ணி குடிக்க உகந்தது"ன்னு தைரியமா எழுதுறது. பங்களாதேஷ்ல 1992ல பிரிட்டிஷ் ஜியாலஜிக்கல் சர்வே நிலத்தடி தண்ணிய டெஸ்ட் பண்ணாங்க, நிறைய தனிமங்கள பாத்தாங்க, ஆர்செனிக்ங்கிற விஷம் மட்டும் லிஸ்ட்ல இல்ல. அந்த ஆர்செனிக்தான் கோடிக்கணக்கான பேர் குடிச்ச தண்ணில இருந்துச்சு. ஆர்செனிக்க ஏன் பாக்கலன்னு அங்க ஒரு கிராமத்துக்காரர் போட்ட கேஸ் 2006ல லண்டன்ல ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ் (அப்போ அங்க உச்ச நீதிமன்றம் மாதிரி) வரைக்கும் போச்சு, கிராமத்துக்காரர் பக்கம் தோத்துடுச்சு. அதனால எதெல்லாம் பாத்தீங்கன்னு எழுதுங்க, எதெல்லாம் பாக்கலன்னும் அதே பக்கத்துல எழுதுங்க.

சாம்பிள் எடுத்த வீட்டுக்கு திரும்ப போய் ரிசல்ட்ட சொல்றவங்க ரொம்ப கம்மி. தண்ணி பிடிக்க விட்ட அந்த அக்கா, அந்த பாட்டி பதிலுக்கு காத்துட்டிருப்பாங்க. போறப்போ இதையும் சொல்லிட்டு வாங்க, கொதிக்க வெச்சா கிருமிதான் சாகும், ஃப்ளோரைடு போகாது, தண்ணி வத்த வத்த இன்னும் கெட்டியாகும். நிறைய வீட்டுல பிள்ளைங்களுக்கு நல்லதுன்னு அந்த போர் தண்ணியதான் சுண்ட காய்ச்சி குடுத்துட்டிருக்காங்க.