இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப் போகிறீர்களா?

எலும்பு முறிவு வார்டில் சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். டிஸ்சார்ஜ் என்றதும் வீட்டார் மொத்தமும் பில் கவுண்டருக்கு ஓடும். அதற்கு ஒருவர் போதும். இன்னொருவர் வீட்டிலிருக்கும் பழைய மாத்திரைப் பையோடு வார்டில் நில்லுங்கள். எதைத் தொடரலாம், எதை நிறுத்த வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கேளுங்கள். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இருக்கும்; இரண்டையும் விழுங்கவைக்கும் வீடுகள் ஏராளம். ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து எத்தனை நாளைக்கு, காலை எவ்வளவு ஊன்றலாம், தையல் பிரிப்பது என்றைக்கு என்பதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

ஆட்டோ வேண்டாம். காரின் முன்சீட்டைப் பின்னுக்குத் தள்ளிச் சாய்த்து, மேலே ஒரு பிளாஸ்டிக் கவரை விரியுங்கள். அம்மா சீட்டுக்கு முதுகு காட்டி உட்காரட்டும். பிறகு இரண்டு காலையும் சேர்த்தே உள்ளே திருப்புங்கள். கவர் வழுக்கிக் கொடுக்கும். உட்கார்ந்ததும் அதை உருவிவிடுங்கள்.

வாசற்படியில் ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில்.

புதுக் கட்டில் வாங்கும் காசில் கமோடு நாற்காலி வாங்குங்கள். மூட்டு மாற்றியவர்கள் தாழ்ந்த மணையிலோ மோடாவிலோ உட்காரக்கூடாது, குனிந்து கீழே கிடப்பதை எடுக்கக்கூடாது, கால்மேல் கால் போடக்கூடாது. செயற்கை மூட்டு நழுவிவிடும். ஆணியோ தகடோ வைத்திருந்தால் கட்டுப்பாடு வேறு, டாக்டரிடம் கேளுங்கள். குளியலறை வாசலில் கிடக்கும் மிதியடியை இன்றே எடுத்துவிடுங்கள். முதல் சில இரவுகள் யாராவது அதே அறையில் படுங்கள். எழுப்பக் கூச்சப்பட்டு, இருட்டில் தானே எழுந்து போய் விழுபவர்கள்தான் அதிகம்.

முட்டை சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்று சொல்லும் பெரியம்மாவுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, அம்மாவுக்கு முட்டை கொடுங்கள். புண் ஆறப் புரதம் வேண்டும். சில வலி மாத்திரைகள் மலச்சிக்கல் தரும். அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சலோ புண்ணில் கசிவோ வந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென மூச்சுத் திணறினால், நெஞ்சு வலித்தால், ஒரு கால் குட்டையானதுபோல் தெரிந்தால் 108. இறந்துபோன அக்காவை அம்மா இரவில் கூப்பிட்டுப் பேசினால் வேப்பிலை தேடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, உப்புச்சத்துக் குறைவு, மருந்து இவற்றாலும் புத்தி தடுமாறும். தாமதிக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

உடற்பயிற்சியை ‘வலிக்கிறதே, பாவம்’ என்று விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

மறுபரிசோதனையில் தையலை மட்டும் காட்டித் திரும்பிவிடாதீர்கள். வழுக்கி விழுந்ததற்கே இடுப்பெலும்பு முறிந்ததென்றால் எலும்பு வலுவிழந்திருக்கலாம். அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. கண்புரையா, பிரஷர் மாத்திரையால் வந்த தலைசுற்றலா, ஏன் விழுந்தார் என்பதையும் கேட்டுவிட்டு வாருங்கள்.