தீம் உணவகத்துக்கு இடம் பிடிக்கும்போது சறுக்கும் இடங்கள்

ரயில் பெட்டி போலவே அமைத்த ஓர் உணவகம். ஜன்னலோர இருக்கை, தலைக்கு மேலே சாமான் வைக்கும் பலகை, பரிமாறுபவருக்குக் கறுப்புக் கோட்டு. உட்கார்ந்ததும் அவர் வந்து "டிக்கெட்டைக் காட்டுங்க" என்பார். மெனு அட்டைதான் டிக்கெட். முதல் தடவை எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் கடை இருந்தது அலுவலகங்கள் நிறைந்த தெருவில். மதியம் வருகிறவர் கையில் முக்கால் மணி நேரம்தான் இருக்கும். நாலாவது தடவை வந்தவரிடமும் அதே கோட்டுக்காரர் அதே டிக்கெட்டைக் கேட்டார். "ரெண்டு மணிக்கு மீட்டிங் இருக்கு, சீக்கிரம் கொண்டு வாங்க" என்று பதில் வந்தது. ஒரு வருடத்துக்குள் ஷட்டர் இறங்கிவிட்டது. சமையல் நன்றாகத்தான் இருந்தது.

இப்படி ஏதாவது ஒரு கருவை வைத்து மொத்தக் கடையையும் அமைக்கிற தீம் உணவகம் பாதி சாப்பாடு, பாதி நாடகம். நாடகத்தை ஒருமுறை பார்த்தவர் மறுநாளே வந்து பார்க்க மாட்டார். சாதாரண உணவகத்தைக் காப்பாற்றுவது திரும்பத் திரும்ப வரும் அதே முகங்கள். தீம் உணவகத்துக்குத் தினமும் புது முகங்கள் வேண்டும். "கூட்டம் இருக்கிற இடமாகப் பார்" என்று தலைகளை எண்ணுவதுதான் இந்தத் தொழிலில் அதிகம் பேர் செய்கிற தவறு. பேருந்து நிறுத்தத்தில் ஆயிரம் பேர் நிற்கலாம், நாளைக்கும் அதே ஆயிரம் பேர்தான். சுற்றுலாத் தலத்தில் நிற்கிற முந்நூறு பேர் நாளை வேறு முந்நூறு பேர்.

ராக் இசையைத் தீமாகக் கொண்ட ஹார்ட் ராக் கஃபேயைப் பாருங்கள். 1971-இல் லண்டனில், ஹைட் பார்க் அருகில், வெளியூர்க்காரர்கள் நடமாடும் பகுதியில் தொடங்கியது. அங்கே உணவுக்கு நிகராகப் பேசப்படுவது ஊர்ப் பெயர் அச்சிட்ட டி-சட்டை. உள்ளூரிலேயே குடியிருப்பவருக்கு அந்தச் சட்டை எதற்கு? 'நானும் போய் வந்தேன்' என்று காட்ட விரும்புகிறவர்தான் வாங்குவார். அவர் வருகிற இடத்தில் கடை இருந்தால்தான் அந்த வியாபாரமே உண்டு.

சினிமாவைத் தீமாகக் கொண்ட பிளானட் ஹாலிவுட் 1991-இல் நியூயார்க்கில் திறந்தது. ஸ்வார்ஸ்நெக்கர், ஸ்டாலோன், புரூஸ் வில்லிஸ் என்று நட்சத்திரப் பட்டாளமே பின்னால் நின்றது. ஊர் ஊராகக் கிளைகள் முளைத்தன. 1999-இல் ஒருமுறை, 2001-இல் மறுமுறை திவால் பாதுகாப்பு கேட்டு நிறுவனம் நீதிமன்றம் போனது. இடம் மட்டுமே காரணம் என்று சொல்வது நியாயமில்லை, அளவுக்கு மீறிய வேகமும் ஒரு காரணம். ஆனாலும் ஆர்லாண்டோவில் டிஸ்னி வளாகத்தில் உள்ள கிளை நிலைத்து நின்றது. அங்கே ஆட்களை அழைத்து வரும் வேலையை டிஸ்னி பார்த்துக்கொள்கிறது.

இதையே அரைகுறையாகப் புரிந்துகொள்கிறவர்களும் உண்டு. மழைக்காடு போல அமைத்த ரெயின்ஃபாரஸ்ட் கஃபே 1994-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், மால் ஆஃப் அமெரிக்காவில் பிறந்தது. 'மாலில் ஓடியிருக்கிறதே, நாமும் மாலில் போடலாம்' என்று கிளம்பினால் அடிவாங்குவோம். அந்த மாலே ஒரு சுற்றுலாத் தலம். வாரம் தவறாமல் மளிகை வாங்க வருகிறவர்களை நம்பி நடக்கிற மாலில், பொம்மைக் கொரில்லாவின் உறுமல் மூன்றாவது வாரமே குழந்தைகளுக்குப் பழகிப்போகும்.

அடுத்த தவறு குத்தகைப் பத்திரத்தில் ஒளிந்திருக்கிறது. சாதாரண உணவகம் மூடினால் மேசை நாற்காலியையும் அடுப்பையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம். சுவரோடு சுவராகக் கட்டிய குகையை யார் தூக்கிப்போவது? அலங்காரத்தில் போட்ட பணம் அந்தக் கட்டடத்தோடேயே கிடந்துவிடும். ஓஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகர உணவகங்களை வைத்து 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் ஆண்டில் சுமார் 26 சதவீதமும் மூன்று ஆண்டுகளுக்குள் சுமார் 60 சதவீதமும் மூடிவிட்டன அல்லது கைமாறிவிட்டன என்று தெரியவந்தது. அது எல்லா வகை உணவகங்களுக்குமான கணக்கு. தீம் உணவகத்தில் முதல் ஆண்டு புதுமையே கூட்டம் சேர்த்துவிடும், கண்டம் அதற்குப் பிறகுதான். போட்ட பணம் திரும்புவதற்குள் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றவோ காலிசெய்யச் சொல்லவோ இடமிருக்கிற பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். புதுப்பிக்கும் உரிமையை எழுத்தில் வாங்குங்கள். தோற்றால் இடையில் வெளியேற வழி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கூரை உயரம், நடுவில் நிற்கும் தூண்கள், மாடிப்படி ஆகியவற்றையும் அலங்காரத்துக்கு வரைபடம் போடுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். தாழ்ந்த கூரைக்குள் காடு அமைத்தால் புதர்தான் மிஞ்சும். முகப்பில் பெரிய பலகையோ சிலையோ வைக்க அனுமதி கிடைக்காத தெருவும் உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியில் தெரியாத தீம் கடைக்கு வழிப்போக்கர் வர மாட்டார்.

இன்னொன்று, அசலுக்குப் பக்கத்தில் நகலை வைப்பது. கடற்கரையில் இறங்கி நடக்க முடிகிறவருக்கு நீலச் சாயம் அடித்த சுவர் எதற்கு?

இடம் பிடித்திருந்தால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அங்கே போய் நில்லுங்கள். சனிக்கிழமை எந்தத் தெருவும் நன்றாகத்தான் இருக்கும். போகிற வருகிறவர்களில் எத்தனை பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடக்கிறார்கள், எத்தனை பேர் பலகையைப் பார்க்காமலே திரும்ப வேண்டிய முனையில் திரும்புகிறார்கள் என்று எண்ணுங்கள். இரண்டாவது வகை பெருவாரியாக இருந்தால், அங்கே நல்ல சாப்பாட்டுக் கடை போடலாம். குகை கட்ட வேண்டாம்.