"கவுன்சலிங்குக்கு அனுப்பிடுவேன்" என்று மிரட்டாதீர்கள்

ஸ்டாஃப் ரூமில் போய் கவுன்சலிங் என்று சொல்லிப் பாருங்கள், எல்லோரும் இடமாறுதல் கலந்தாய்வுத் தேதியா என்று திரும்பிப் பார்ப்பார்கள். பெற்றோருக்கோ அது என்ஜினீயரிங் சீட். பிள்ளைகளின் மனசு சம்பந்தப்பட்ட ஆலோசனை என்பது அதற்கெல்லாம் அப்புறம்தான், அதுவும் "பையன் சரியில்லை" என்ற அர்த்தத்தில்.

இந்த அர்த்தத்தை ஊட்டியதே நாம்தான். வகுப்பில் சத்தம் போட்டால் "கவுன்சலிங்குக்கு அனுப்பிடுவேன்" என்கிறோம். முட்டி போடச் சொல்வதற்குப் பதிலாக வந்த புதுத் தண்டனை என்றுதானே பையன் எடுத்துக்கொள்வான்? நிஜமாகவே கஷ்டம் வரும்போது அந்தப் பக்கமே போகமாட்டான்.

இதைவிட மோசம், கேட்டதை வெளியே விடுவது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அப்பா குடித்துவிட்டு வந்து சண்டை போடுவதால் ராத்திரி தூங்க முடியவில்லை என்று என்னிடம் சொன்னாள். சாப்பாட்டு நேரத்தில் நான் அதைச் சக ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன், கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. மறுநாள் அவர் வகுப்பில் அவள் கொட்டாவி விட்டிருக்கிறாள். "என்னம்மா, அப்பா மறுபடியும் ஆரம்பிச்சிட்டாரா?" என்று நாற்பது பேர் முன்னால் கேட்டிருக்கிறார், அதுவும் அக்கறையாகத்தான். அதற்கப்புறம் வருடம் முடியும்வரை என் வகுப்பில் அவள் தலை நிமிரவே இல்லை.

அதற்காக "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்துகொடுப்பதும் தப்பு. பாலியல் தொல்லை என்று தெரிந்தால் போக்சோ சட்டம் 2012-இன் 19-ஆவது பிரிவுப்படி போலீசுக்குத் தகவல் சொல்லியே ஆகவேண்டும், மறைத்தால் ஆறு மாதம்வரை சிறைத் தண்டனை உண்டு. ஹெச்.எம்.மிடம் சொன்னதோடு நம் பொறுப்பு முடிந்துவிடாது. ஆகவே பிள்ளை பேச ஆரம்பிக்கும்போதே, "உன் பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் மட்டும் இன்னொருவரிடம் சொல்வேன், அதையும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்" என்று சொல்லிவிடுங்கள்.

அப்புறம் இந்த அறிவுரை வியாதி. பிள்ளை இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் நாம் "எங்க காலத்துல..." என்று தொடங்கிவிடுவோம். பத்தாம் வகுப்பு முடிந்ததும் குரூப் எடுக்கும்போதும் இதே கதைதான், மார்க் பட்டியலைப் பார்த்து "உனக்கு ஃபர்ஸ்ட் குரூப்" என்று முடித்துவிடுகிறோம், அவனுக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை.

நம்மிடம் சொல்லக் கூச்சப்படும் பிள்ளைகளுக்காக 14417 (பள்ளிக் கல்வித் துறை உதவி எண்), 1098 (குழந்தைகள் உதவி எண்) இரண்டையும் கரும்பலகை ஓரத்தில் எழுதி வையுங்கள். யார் குறித்துக்கொள்கிறார்கள் என்று மட்டும் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.