பைபிளா, போப்பா என்று கேட்பதே முதல் தவறு

எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்), பாதிப் பேர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டன்ட் பக்கம்). கல்யாணப் பந்தியில் பாயசம் வருவதற்குள் யாராவது ஒரு சித்தப்பா ஆரம்பித்துவிடுவார்: "நாங்க பைபிளை நம்புறோம், நீங்க போப்பை நம்புறீங்க." எதிர் இலையிலிருந்து பதில் பறக்கும்: "உங்களுக்கு ஆளுக்கொரு சபை, ஆளுக்கொரு வியாக்கியானம்." இரண்டு பேருமே அடுத்தவர் சொல்லாததைச் சொன்னதாக்கிப் பேசுகிறார்கள். இந்தப் பேச்சே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஐந்நூறு வருஷமாக நடக்கிற, எத்தனையோ பேர் உயிரைக் கொடுத்த வழக்கு இது. வழக்கு என்னவென்று தெரிந்துகொண்டு பேசினால் போதும்.

வேதம் தேவனுடைய வார்த்தை என்பதில் இரு தரப்புக்கும் சண்டை கிடையாது. வசனத்துக்குப் பொருள் சொல்வதில் இருவர் முரண்பட்டால் கடைசித் தீர்ப்பு யாருடையது என்பதுதான் கேள்வி. 1521இல் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன் நின்ற லூத்தர், புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்தவர், போப்புகளும் சங்கங்களும் (ஆயர்களின் பேரவைகளும்) பலமுறை தவறியிருக்கிறார்கள், வேதத்தைக் கொண்டோ தெளிவான நியாயத்தைக் கொண்டோ காட்டினாலொழியப் பின்வாங்கமாட்டேன் என்றார். 1546 ஏப்ரல் 8 அன்று கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம், வேத நூல்களையும் திருத்தூதர் வழிவந்த மரபுகளையும் ஒரே பக்தியோடு ஏற்பதாக அறிவித்தது. திருச்சபை கொண்டிருக்கும் பொருளுக்கு விரோதமாக, தன் இஷ்டத்துக்கு யாரும் வசனத்தைத் திருப்பக் கூடாது என்றும் சொன்னது. "போப் பைபிளுக்கு மேலே" என்பவர்கள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் சொன்னதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: திருச்சபையின் போதிக்கும் அதிகாரம் இறைவார்த்தைக்கு மேற்பட்டதல்ல, அதற்குப் பணிசெய்வது.

அடுத்த தவறு கத்தோலிக்கர் பக்கம் அதிகம். புராட்டஸ்டன்டுகள் சொல்லும் "வேதம் மட்டுமே" என்றால் அவனவன் மனம்போல் படிப்பது என்று நினைத்துவிடுவது. இதற்கு மார்பூர்க் கோட்டையில் 1529 அக்டோபரில் நடந்ததைப் பார்க்க வேண்டும். அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து பற்றி லூத்தரும் சுவிட்சர்லாந்துச் சீர்திருத்தவாதி சுவிங்ளியும் நேருக்கு நேர் வாதிட்டார்கள். லூத்தர் மேசையில் சாக்கட்டியால் "இது என் சரீரம்" என்று லத்தீனில் எழுதி, மேலே விரிப்பைப் போட்டு மூடிவைத்தார். சுவிங்ளி ஆதாரம் கேட்டபோது விரிப்பைத் தூக்கி அந்த எழுத்தைக் காட்டினார். "இது என் சரீரமாயிருக்கிறது" என்பதில் "இருக்கிறது" என்று ஆண்டவர் சொன்னது "குறிக்கிறது" என்ற பொருளில்தான் என்பது சுவிங்ளியின் வாதம். அவரும் யோவான் ஆறாம் அதிகாரத்திலிருந்து வசனம் காட்டினார். இருவருமே வசனத்துக்குக் கட்டுப்பட்டு நின்றவர்கள். பதினைந்து பிரிவுகளில் பதினான்கில் ஒத்துப்போனார்கள், கடைசிப் பிரிவில் சரீரப் பிரசன்னம் (அப்பத்திலும் ரசத்திலும் கிறிஸ்துவின் சரீரம் மெய்யாகவே இருக்கிறதா) என்ற இடத்தில் பிரிந்தார்கள். "பார்த்தாயா, நடுவர் இல்லாவிட்டால் இதுதான் கதி" என்பார் கத்தோலிக்கர். "வேதத்தை மட்டும் நடுவில் வைத்துப் பதினான்கு தேறியதே" என்பார் புராட்டஸ்டன்ட். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் நடுவர் இருந்தாலே தீர்ப்பு வந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். தேவ கிருபையும் மனித சித்தமும் சேர்ந்து எப்படிச் செயல்படுகின்றன என்பதில் கத்தோலிக்கத் துறவற சபைகளான டொமினிக்கன் சபையாரும் இயேசு சபையாரும் வருஷக்கணக்கில் ரோமில் வாதாடினார்கள். 1607இல் போப் ஐந்தாம் பவுல் எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லாமல், ஒருவரையொருவர் கண்டனம் செய்யக் கூடாது என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்.

மரபு என்றாலே முகம் சுளிக்கும் சி.எஸ்.ஐ. உறவினரிடம் நான் நிசேயா விசுவாசப் பிரமாணத்தை எடுத்துக் காட்டுவதுண்டு. குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்பதற்கு 325இல் நிசேயா சங்கம் தேர்ந்த கிரேக்கச் சொல் வேதாகமத்தில் எங்கும் வராது. சங்கம் தேர்ந்த சொல்லைத்தான் ஆலயத்தில் எழுந்து நின்று அறிக்கையிடுகிறோம். அது வேதம் போதிப்பதைத்தானே சொல்கிறது, அதனால் ஏற்கிறோம் என்பார்கள். புராட்டஸ்டன்ட் நிலைப்பாடும் அதுதான்: சபைக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அது வேதத்தின் சோதனைக்கு உட்பட்டது.

போப்பின் போதனை தவறாது என்று கத்தோலிக்கர் சொல்லும் "வழுவா வரம்" பற்றிய குழப்பம் இரு பக்கமும் இருக்கிறது. போப் பாவமே செய்யமாட்டார் என்றோ, விமானத்தில் நிருபர்களிடம் பேசுவதெல்லாம் தவறாதது என்றோ அதற்குப் பொருள் இல்லை. 1870 ஜூலை 18 அன்று முதலாம் வத்திக்கான் சங்கம் விதித்த நிபந்தனைகள் குறுகலானவை: எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் மேய்ப்பர் என்ற நிலையில், விசுவாசம் அல்லது ஒழுக்கம் பற்றி, முழுத் திருச்சபையும் ஏற்க வேண்டியதாக அவர் வரையறுத்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அப்படி வந்த பிரகடனம் ஒன்றுதான், 1950 நவம்பர் 1 அன்று மரியாளின் விண்ணேற்பு பற்றியது. அந்த அதிகாரமே கூடாது என்று மறுக்கலாம். முதலில் அதன் எல்லையைத் தெரிந்துகொண்டு மறுப்பதுதான் நேர்மை.

வேதாகமத்தில் கத்தோலிக்கர் எண்ணும் 73 நூலா, புராட்டஸ்டன்ட் எண்ணும் 66 நூலா என்ற சண்டையில் "நீங்கள் சேர்த்தீர்கள்", "லூத்தர் கிழித்தெறிந்தார்" இரண்டும் தப்பு. தோபித்து, மக்கபேயர் முதலிய நூல்கள் 397இல் கார்த்தேஜ் சங்கத்தின் பட்டியலிலேயே உண்டு. அதே காலத்தில் வேதத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் அவற்றைத் தனியே பிரித்துப் பார்த்ததும் உண்மை. லூத்தரின் 1534 ஜெர்மன் வேதாகமத்தில், வேதத்துக்குச் சமமல்ல, ஆனால் வாசிக்க நல்லவை என்ற குறிப்போடு அவை தனிப் பகுதியாக இடம்பெற்றன. தாய்மொழியில் வேதம் லூத்தரால்தான் வந்தது என்பதும் சரியல்ல. ஸ்ட்ராஸ்பூர்கில் மென்டலின் என்ற அச்சகர் 1466லேயே ஜெர்மனில் அச்சிட்டுவிட்டார். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த டின்டேலை 1536இல் கழுத்தை நெரித்து எரித்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கடைசியாக, ஒற்றை வசனத்தை எடுத்து வீசுவது. மரபைத் தாக்க மத்தேயு 15 வரும். "உங்கள் பாரம்பரியத்தினாலே" கற்பனையை மீறுகிறீர்கள் என்று இயேசு கண்டிக்கும் இடம். மரபைக் காக்க 2 தெசலோனிக்கேயர் 2:15 வரும். வார்த்தையினாலாவது நிருபத்தினாலாவது உபதேசித்த "முறைமைகளை" கைக்கொள்ளுங்கள் என்று பவுல் எழுதும் இடம். சி.எஸ்.ஐ. வீடுகளில் இருக்கும் பழைய தமிழ் வேதாகமத்தில் ஒன்று பாரம்பரியம், இன்னொன்று முறைமை. கிரேக்கத்தில் இரண்டும் ஒரே சொல், பரடோசிஸ். தமிழில் மட்டும் வாசிப்பவருக்கு இரண்டும் வேறு சங்கதி போலத் தெரியும். இதை முதன்முதலில் கவனித்த அன்று வேதாகமத்தை மூட மனமில்லாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பவுல் வாயால் போதித்ததெல்லாம் பிறகு எழுத்தில் வந்துவிட்டதா, எழுதாமலும் கைமாறி வந்ததா என்று அடுத்த பந்தியில் சித்தப்பாவிடம் கேட்க வேண்டும்.