பழைய ஜிப்சிக்கு இன்ஜெக்ஷன்: லேப்டாப்புக்கு முன்னாடி சென்சார்

கடலூர் மஞ்சக்குப்பத்துல எங்க பட்டறைக்கு வர்ற கார்பரேட்டர் ஜிப்சிகளுக்குத் தனி ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) போட்டு பெட்ரோல் இன்ஜெக்ஷனுக்கு மாத்துறோம். வண்டி ஸ்டார்ட் ஆனதுமே பசங்க லேப்டாப்பைத் திறந்து மேப்பை (எப்போ எவ்வளவு பெட்ரோல்ங்கிற அட்டவணை) நோண்ட ஆரம்பிச்சிடுறாங்க. அதை மூடி வைங்க. புகைக்குழாயில இருக்கிற ஆக்சிஜன் சென்சார், இன்ஜின் தட்டுறதைக் கேக்குற நாக் சென்சார், ரெண்டும் சரியா உக்காந்திருக்கான்னு முதல்ல பாருங்க.

ஆக்சிஜன் சென்சார் வைட்பேண்டா வாங்குங்க. நேரோபேண்ட் 0.45 வோல்ட்டுக்கு மேல ரிச் (பெட்ரோல் அதிகம்), கீழ லீன் (பெட்ரோல் கம்மி)னு சொல்லும், எவ்வளவுன்னு சொல்லாது; வைட்பேண்ட் சொல்லும். வைட்பேண்டுல நாங்க போடுறது பாஷ் எல்எஸ்யூ 4.9. லேத்துல 18 மி.மீ. மரைக்கு ஒரு வளையம் கடைஞ்சு, நாலு எக்ஸாஸ்ட் குழாயும் ஒண்ணு சேர்ற இடத்தைத் தாண்டி பைப்போட மேல்பக்கமா வெல்டு வைங்க. படுக்கை மட்டத்துலேர்ந்து 10 டிகிரியாவது சென்சார் தூக்கி நிக்கணும். இல்லேன்னா பைப்புல தேங்குற தண்ணி பட்டு, உள்ள சூடா இருக்கிற பீங்கான் விரிசல் விட்டுடும். ஹீட்டரும் இன்ஜின் ஓட ஆரம்பிச்ச பிறகுதான் ஆன் ஆகணும்.

சென்சாருக்கு முன்னாடி கேஸ்கெட்ல ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் வெளிக்காத்தை இழுத்துக்கிட்டு லீன்னு காட்டும். பிளக் மிஸ் அடிச்சாலும் அதே கதைதான். எரியாத பெட்ரோலோட ஆக்சிஜனும் சேர்ந்து வெளிய வரும். சென்சாருக்கு ஆக்சிஜன் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். ஈசியூ அதை நம்பி இன்னும் பெட்ரோல் ஊத்தும். புகை கறுப்பா இருந்து மீட்டர் லீன் காட்டினா, பிளக்கைக் கழட்டிப் பாருங்க.

மீட்டரை லாம்டாவுல (காத்து-பெட்ரோல் விகிதம் சரியான அளவோட ஒப்பிட்டா எவ்வளவுங்கிற எண், 1னா சரி) வைங்க. விலை கம்மின்னு புதுச்சேரி எல்லையில இருக்கிற முள்ளோடை போய்ப் போட்டாலும் இங்கயே போட்டாலும் இப்ப எத்தனால் கலந்த பெட்ரோல்தான். எடையில ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்துங்கிறது சுத்த பெட்ரோல் கணக்கு. 20% எத்தனால் கலந்த இ20க்கு அது 13.5 பக்கம் வரும். லாம்டா 1 ரெண்டுக்கும் 1தான்.

நாக் சென்சார்தான் நிறைய பேர் சொதப்புற இடம். நடுவுல ஓட்டை உள்ள வட்ட சென்சாரா இருந்தா, பிளாக்குல 2, 3வது சிலிண்டருக்கு நடுவுல வைங்க. பெயின்ட்டைச் சுரண்டி வெறும் உலோகத்துல உக்கார வைக்கணும். வாஷர் வேண்டாம். 8 மி.மீ. போல்ட்டை டார்க் ரெஞ்சுல 20 நியூட்டன் மீட்டர் முறுக்குங்க. கை அளவு பத்தாது, முறுக்கு மாறினா சிக்னலும் மாறும்.

எந்த அதிர்வெண்ணைக் கேக்கணும்னு ஈசியூவுக்குச் சொல்லணும். 900ஐ 3.14ஆலயும், போர் (சிலிண்டர் விட்டம், மி.மீ.ல) அளவுல பாதியாலயும் வகுங்க. 1.3 ஜிப்சிக்கு போர் 74 மி.மீ., பாதி 37. வர்றது சுமார் 7.7 கிலோஹெர்ட்ஸ். தொடக்கத்துக்கு இது போதும். அப்புறம் டைமிங்கை (பிளக் பொறி விடுற நேரம்) நல்லாப் பின்னாடி தள்ளி, நாக் வரவே வராதுங்கிற நிலையில ஆர்பிஎம்மை ஏத்தி ஏத்தி சத்தத்தைப் பதிவு பண்ணுங்க. டேப்பெட் சத்தமும் அதுல இருக்கும். நாக்னு எடுத்துக்குற வரம்பை அதுக்குக் கொஞ்சம் மேல, ஒவ்வொரு ஆர்பிஎம்முக்கும் தனித்தனியா வைங்க. எல்லாத்துக்கும் ஒரே எண்ணைப் போட்டா, மேல் ஆர்பிஎம்ல ஈசியூ சும்மாவே டைமிங்கைக் குறைச்சு வண்டியை மந்தமாக்கிடும்.

நாக் சென்சாருக்கு ஷீல்டு ஒயர்தான். ஷீல்டை ஈசியூ பக்கம் மட்டும் எர்த் பண்ணுங்க, பிளக் ஒயரோட சேத்துக் கட்டாதீங்க. நம்ம ஊர் உப்புக் காத்துல கனெக்டர் பின் சீக்கிரமே பச்சை பூத்துடும். ரப்பர் சீல் உள்ள கனெக்டராப் பாத்துப் போடுங்க.