லிப்பிடு பாடத்தில் நாம் சறுக்கும் இடங்கள்

பாளையங்கோட்டையில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லித் தருகிறேன். செல்லைச் சூழ்ந்திருக்கும் சவ்வை வரையச் சொன்னால் புரதங்களுக்குப் பார்த்துப் பார்த்து வண்ணம் தீட்டுவார்கள். சவ்வின் அடிப்படையான கொழுப்பு வகைப் பொருள் லிப்பிடு; அதற்கு ஒரு வட்டம், இரண்டு வால், அவ்வளவுதான். "அது காம்பவுண்ட் சுவர்தானே சார்" என்பார்கள். பெரிய தவறே அங்கேதான் தொடங்குகிறது. சவ்வு இளகி ஓடும் படலம் என்று சிங்கர், நிக்கல்சன் என்ற இரு விஞ்ஞானிகள் 1972இலேயே காட்டிவிட்டார்கள்.

ஜங்ஷனிலிருந்து டவுனுக்குப் போகும் பஸ் திரும்பும்போது போர்டை மாற்றிக்கொள்ளும். பஸ் அதேதான், ஏறுகிற ஆட்கள் வேறு. செல்லுக்குள் சரக்கு ஏற்றிப்போகும் சிறு பைகளுக்கும் இப்படி ஒரு போர்டு உண்டு. பாஸ்பாட்டிடைல் இனோசிட்டால் என்ற லிப்பிடின் தலையில் உள்ள வளையத்தில், எண்ணிட்ட இடங்களில் எதில் பாஸ்பேட் ஒட்டியிருக்கிறது என்பதுதான் அது. சரக்கைப் பிரித்து அனுப்பும் கோல்கையில் பெரும்பாலும் 4ஆம் இடம், செல்லின் வெளிச்சவ்வில் 4, 5 இரண்டும், உள்ளே வந்த பை முதலில் சேரும் எண்டோசோம் என்ற அறையில் 3ஆம் இடம். புரதங்கள் இதைப் பார்த்துத்தான் வந்து ஒட்டுகின்றன.

வெளிச்சவ்விலிருந்து பை உள்ளே வந்ததும் 5ஆம் இடத்துப் பாஸ்பேட்டைக் கழற்ற வேண்டும். அந்த வேலையைச் செய்யும் நொதிகளில் ஒன்று பழுதானால் வருவது லோவ் நோய். பழைய போர்டோடு பை தடுமாறுகிறது. வடிகட்டிய நீரிலிருந்து சிறுநீரகம் மீட்க வேண்டிய புரதம் சிறுநீரில் போய்விடுகிறது. பிறக்கும்போதே கண்ணில் புரை, மூளை வளர்ச்சியிலும் பாதிப்பு. ஒரு பாஸ்பேட் பிசகியதற்கு இவ்வளவு! இதைச் சொல்லும்போது வகுப்பே அமைதியாகிவிடும்.

சவ்வின் இரண்டு பக்கமும் ஒன்று என்று எழுதுவதும் தவறு. பாஸ்பாட்டிடைல் செரின் உள்பக்கமே இருக்கும். செல் சாகும்போது வெளியே தெரியும்; அதைக் கண்டுதான் விழுங்கு செல்கள் வந்து அப்புறப்படுத்துகின்றன.

அப்புறம் கொலஸ்ட்ரால். பேரைக் கேட்டதும் ரத்தக் குழாய் அடைப்புதான் நினைவுக்கு வருகிறது. சவ்வுக்கு அது கட்டாயம் வேண்டும். நீமன்-பிக் சி என்ற பரம்பரை நோயில் சிக்கல் சாப்பிடும் அளவில் இல்லை, போக்குவரத்தில்: செல்லின் செரிமான அறையான லைசோசோமை விட்டு வெளியேற முடியாமல் கொலஸ்ட்ரால் அங்கேயே தேங்குகிறது. சமையலில் எண்ணெயைக் குறைத்தால் இது தீராது. பிள்ளைக்கு ஆக்கிக் கொடுத்ததில்தான் ஏதோ தப்பு என்று தாயைக் குறை சொல்வது பெரும் அநியாயம்.

நம் பக்கம் மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் முடிப்பது இன்னும் உண்டு. நீமன்-பிக் சி போன்ற நோய்களில், பெற்றோர் இருவரிடமும் பழுதான மரபணுவின் ஒரு பிரதி இருந்தால்தான் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு. சொந்தத்துக்குள் அப்படி அமைவது எளிது. "மூத்ததுக்கு வந்துட்டு, அடுத்ததுக்கு வராது" என்று ஆறுதல் சொல்வார்கள். அது தப்புக் கணக்கு. ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீத வாய்ப்பு புதிதாகவே இருக்கிறது. அடுத்த குழந்தைக்கு முன்பே மரபணு ஆலோசகரைப் பார்த்துவிடுங்கள்.