கண்டக்டரோடு முட்டல் தீர்ந்த கதை

மதுரை ஆரப்பாளையம் – தேனி ரூட்டில் பஸ் ஓட்டும் எனக்குப் புதுசாக ஒரு கண்டக்டர் வந்தார். என்னைவிடப் பத்து வயசு சின்னவர். முதல் வாரமே முட்டிக்கொண்டது. ஸ்டாப்பைத் தாண்டின பிறகுதான் விசில் கொடுப்பார். சடன் பிரேக் போட்டால் பயணிகள் திட்டுவது என்னைத்தான். பேச்சே நின்றுபோய், உசிலம்பட்டியில் டீ கூடத் தனித்தனியாகக் குடித்தோம்.

ஒருநாள் நானே டீ வாங்கிக்கொடுத்து, "என்ன தம்பி பிரச்சனை?" என்றேன். "அண்ணே, காளவாசல் தாண்டுனதுமே விரட்டுறீங்க. நிக்கிற கூட்டத்துக்குள்ள செக்கானூரணி வர்றதுக்குள்ள எப்படி டிக்கெட்ட முடிக்கிறது? செக்கர் ஏறுனா மெமோ எனக்குத்தானே?" என்றார். லேட்டானால் எனக்கு மெமோ என்று மட்டுமே அதுவரை யோசித்திருந்தேன். சுருக்கென்றது.

கூட்டம் இருந்தால் நாகமலை புதுக்கோட்டை தாண்டி ஓரங்கட்டி இரண்டு நிமிஷம் நிற்பது என்று பேசிக்கொண்டோம். அந்த நேரத்தை ஆண்டிபட்டிக்கு அப்புறம் பிடித்துக்கொள்ளலாம். அவர் பங்குக்கு, ஸ்டாப்புக்கு முன்னாலேயே ஒற்றை விசில். படிக்கட்டைப் பார்த்த பிறகே இரட்டை விசில். ஸ்டாண்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது என் கண்ணாடியில் தெரிகிற மாதிரி பின்னால் நிற்க வேண்டும். ஆள் தெரியவில்லை என்றால் வண்டி நகராது. (இது எப்பவுமே இருக்க வேண்டியதுதான், சண்டையில் விட்டுப்போயிருந்தது.)

சில்லறைத் தகராறில் மட்டும் நான் தலையிடுவதில்லை. அது அவர் ஏரியா.